எலைசா முதல் ஆலிஸ் வரை: பழைய பேசும் புரோகிராம்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஜிபிடி வந்த பிறகுதான் கம்ப்யூட்டர் பேச ஆரம்பித்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இந்தப் பேச்சு 1960-களிலேயே தொடங்கிவிட்டது. ஆராய்ச்சிக்கூடத்தில் எழுதப்பட்ட சில சின்னப் புரோகிராம்கள் ஆரம்பகாலக் கணினி வலைகள் வழியாகப் பரவி, ஆர்வத்துக்காக நிரல் எழுதுகிறவர்கள் கைக்கு வந்தன. அப்புறம் அவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் நடுவே நல்ல சண்டையும் நடந்தது. அந்தக் காலத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

மனிதரோடு உரையாடிய முதல் புரோகிராம் எது?

பெரும்பாலோர் சொல்லும் பதில் எலைசா. அதற்கு முன்பே, 1961-இல், பேஸ்பால் ஆட்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்டால் பதில் சொல்லும் ஒரு புரோகிராம் இருந்தது. ஆனால் அது கேட்டதற்கு விவரம் எடுத்துத் தரும், அவ்வளவுதான். அரட்டை என்று சொல்லத்தக்கது எலைசாதான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் 1964-க்கும் 1966-க்கும் இடையில் அதை எழுதினார். அவர் 1923-இல் பெர்லினில் பிறந்தவர். நாஜி ஆட்சியிலிருந்து தப்பி 1936-இல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்த யூதர்.

புரோகிராம் ஓடியது ஐபிஎம் 7094 என்ற பெரிய கணினியில். ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில், அவரவர் டெர்மினலில் உட்கார்ந்து பயன்படுத்தும் முறை அப்போதுதான் எம்ஐடியில் வந்திருந்தது. அது இல்லாவிட்டால் எலைசாவும் இல்லை. துளை அட்டைகளைக் கொடுத்துவிட்டு மறுநாள் விடை வாங்கும் கணினியோடு யார் அரட்டை அடிப்பார்கள்?

பெயர் எங்கிருந்து வந்தது?

பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில் வரும் பூக்காரப் பெண் எலைசா. சீமாட்டி போலப் பேசக் கற்றுக்கொடுக்கப்பட்டவள். புரோகிராமுக்கும் பேசக் கற்றுக்கொடுத்துக்கொண்டே போகலாம் என்பதால் வைசன்பாம் அந்தப் பெயரை வைத்தார்.

அதற்கு உண்மையிலேயே ஏதாவது புரிந்ததா?

ஒன்றும் புரியவில்லை. வேலை நடந்த விதம் இது. நீங்கள் தட்டிய வாக்கியத்தில் தனக்குத் தெரிந்த சொல் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். 'கனவு', 'எப்போதும்' மாதிரியான சொற்களுக்கு முன்னுரிமை எண் உண்டு. பல சொற்கள் மாட்டினால் எண் பெரியதாக இருக்கும் சொல்லை எடுத்துக்கொள்ளும். பிறகு அந்தச் சொல்லுக்கான அச்சில் வாக்கியத்தைத் துண்டு போடும். 'நீ என்னை வெறுக்கிறாய் என்று தோன்றுகிறது' என்று தட்டினால், 'நீ', 'என்னை' என்ற இரண்டு சொற்களையும் சுற்றியுள்ள மிச்சத்தையும் பிரித்தெடுத்து, நான்-நீயை மாற்றிப் போட்டு, 'நான் உங்களை வெறுப்பதாக ஏன் நினைக்கிறீர்கள்?' என்று திருப்பி விடும்.

தெரிந்த சொல் ஒன்றுமே இல்லையா? 'மேலே சொல்லுங்கள்' என்று தப்பித்துக்கொள்ளும். இதில் ஒரு சாமர்த்தியமும் உண்டு. நீங்கள் 'என்னுடைய' என்று சொன்ன வாக்கியங்களில் சிலவற்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளும். பேச்சு தடுமாறும்போது அதில் ஒன்றை எடுத்து, 'நீங்கள் முன்பு சொன்ன அந்த விஷயத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?' என்று கேட்கும். அந்த இடத்தில்தான் பலருக்குப் புல்லரித்தது. 'அட, ஞாபகம் வைத்திருக்கிறதே!' குடுகுடுப்பைக்காரர் பொதுவாக நாலு வார்த்தை சொல்ல, கேட்பவர் தன் வீட்டுக் கதையை அதில் பொருத்திக்கொள்கிற மாதிரிதான் இதுவும்.

அதை ஏன் மனநல மருத்துவராக்கினார்?

எலைசா என்பது அடிப்படை இயந்திரத்தின் பெயர். அதில் ஏற்றிய விதிகளின் தொகுப்புக்குப் பெயர் 'டாக்டர்'. வேறு தொகுப்பை ஏற்றினால் வேறு ஆளாகப் பேசும். ஆனால் உலகப் புகழ் பெற்றது டாக்டர்தான். கார்ல் ரோஜர்ஸ் வழியில் சிகிச்சை தரும் மருத்துவர்கள், நோயாளி சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பார்கள்.

வைசன்பாம் தன் 1966 கட்டுரையில் சொன்ன காரணம் அழகானது. 'படகில் நெடுந்தூரம் போய் வந்தேன்' என்று நீங்கள் சொல்ல, மருத்துவர் 'படகுகளைப் பற்றிச் சொல்லுங்கள்' என்கிறார். இவருக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைப்பீர்களா? ஏதோ காரணமாகத்தான் கேட்கிறார் என்று நீங்களே சமாதானம் செய்துகொள்வீர்கள். உலகத்தைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவர் மாட்டிக்கொள்ளாமல் பேசக்கூடிய வெகு சில வேடங்களில் அதுவும் ஒன்று. இந்த ஒரு தேர்வில்தான் வைசன்பாமின் மேதைமை இருக்கிறது என்பது என் எண்ணம். நிரல் அதற்குப் பிறகுதான்.

தன் புரோகிராமையே அவர் எதிர்த்தார் என்கிறார்களே?

ஆமாம். புரோகிராம் எழுதப்படுவதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதோடு பேச உட்கார்ந்ததும், கொஞ்ச நேரத்தில் 'நீங்கள் வெளியே போகிறீர்களா?' என்று வைசன்பாமிடம் கேட்டாராம். கூடவே, இந்த மாதிரிப் புரோகிராம்களை மருத்துவமனைகளில் சிகிச்சைக்கே பயன்படுத்தலாம் என்று சில மனநல மருத்துவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். அவருக்கு இது பேரதிர்ச்சி. கணினியிடம் எதை ஒப்படைக்கக் கூடாது என்பதைப் பற்றி 1976-இல் ஒரு புத்தகமே எழுதினார். செயற்கை நுண்ணறிவுத் துறையில் அவருடைய பழைய சகாக்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. 2008-இல் இறக்கும் வரை அவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

எலைசாவை மனிதர் என்று நம்பி யாராவது நிஜமாகவே ஏமாந்தார்களா?

பிபிஎன் என்ற அமெரிக்கக் கணினி ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்த கதைதான் இதில் முதலிடம். அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த டேனியல் போப்ரோ 1968-இல் அதைப் பதிவு செய்தார். எலைசா மாதிரியான ஒரு புரோகிராமை டெர்மினலில் ஓடவிட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு நாள் காலை நிறுவனத்தின் துணைத் தலைவர் ஒருவர் வந்தார். வாடிக்கையாளருக்குக் காட்ட அவருக்குக் கம்ப்யூட்டர் தேவை. போப்ரோதான் வீட்டிலிருந்து தட்டுகிறார் என்று நினைத்து, 'இன்று காலை நான் இதைப் பயன்படுத்தலாமா?' என்று கேட்டார். 'அதை ஏன் என்னிடம் கேட்கிறீர்கள்?' என்ற ரீதியில் பதில் வந்தது. கேட்கக் கேட்க அதே மாதிரி. கடைசியில் கடுப்பாகி, தொலைபேசி எண்ணைக் கொடுத்துக் கூப்பிடச் சொன்னார். ஆனால் வாக்கியத்தின் முடிவில் புள்ளி வைக்க மறந்துவிட்டார். புள்ளி இல்லாவிட்டால் வாக்கியம் முடியவில்லை என்று புரோகிராம் காத்திருக்கும். பதிலே இல்லை.

அவரே போப்ரோவுக்கு போன் போட்டு, 'என்னிடம் ஏன் இப்படி எடக்காகப் பேசுகிறாய்?' என்று கத்தினார். தூக்கத்திலிருந்து எழுந்த போப்ரோ, 'நான் எடக்காகப் பேசுகிறேனா, என்ன சொல்கிறீர்கள்?' என்றார். எலைசாவே போனை எடுத்தது மாதிரி ஆகிவிட்டது.

இரண்டு புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசியது உண்மையா?

உண்மை. இன்றைய இன்டர்நெட்டின் தாய் என்று சொல்லக்கூடிய அர்பாநெட்டில், 1972 செப்டம்பர் 18 அன்று நடந்தது. ஒருபக்கம் டாக்டர். மறுபக்கம் ஸ்டான்ஃபோர்டிலிருந்து பாரி. கென்னத் கோல்பி என்ற மனநல மருத்துவர் எழுதிய பாரி, சந்தேக நோய் பிடித்த ஒரு நோயாளியாக நடிக்கும் புரோகிராம். வயது 28, கல்யாணம் ஆகவில்லை, தபால் நிலைய எழுத்தர், குதிரைப் பந்தயப் பைத்தியம், மாஃபியா தன்னைத் துரத்துகிறது என்று நம்புகிறவர். பயம், கோபம், அவநம்பிக்கை என்று உள்ளே எண்கள் இருக்கும். நீங்கள் பேசுவதைப் பொறுத்து அவை ஏறும், இறங்கும். எலைசாவைவிட இது ஒரு படி மேல். எலைசாவுக்கு மனநிலை என்று ஒன்று கிடையாது.

இருவரும் குதிரைப் பந்தயத்தையும் சூதாட்டக்காரர்களையும் சுற்றிச் சுற்றிப் பேசினார்கள். முடிவில் பாரி விடைபெற, டாக்டர் 399 டாலர் 29 சென்ட் கட்டணம் கேட்டார். பின்னாளில் இன்டர்நெட்டின் தந்தையரில் ஒருவர் என்று பேர் பெற்ற வின்ட் செர்ஃப் இந்த உரையாடலை 1973 ஜனவரியில் அர்பாநெட் ஆவணங்களில் ஒன்றாக, எண் 439 போட்டு, வெளியிட்டார். வலையின் தொழில்நுட்ப விதிகளுக்கு நடுவே இப்படி ஒரு வேடிக்கையும் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது.

பாரி மருத்துவர்களையே ஏமாற்றியதாமே?

கோல்பி குழு பாரியோடும் உண்மையான நோயாளிகளோடும் நடந்த உரையாடல்களை 33 மனநல மருத்துவர்களிடம் காட்டியது. எது மனிதர், எது மெஷின் என்று அவர்கள் சரியாகச் சொன்னது 48 சதவீதம். காசு சுண்டிப் போட்டுச் சொன்னாலும் அவ்வளவுதான் வரும்.

இதைப் பெரிய வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். சம்பந்தமில்லாமல் பேசினாலும் 'நோய் அப்படி' என்று விட்டுவிடுவோமே. வைசன்பாம் இதைக் கிண்டல் செய்து ஒரு கடிதம் எழுதினார்: வாயே திறக்காத நோயாளி ஒருவரின் மாதிரியைத் தானும் செய்துவிட்டாராம், அது என்ன தட்டினாலும் பதிலே தராத ஒரு டைப்ரைட்டர்.

ஆர்வலர்கள் எப்போது உள்ளே வந்தார்கள்?

முதல் கதவைத் திறந்தவர் பெர்னி கோசெல். வைசன்பாமின் கட்டுரையைப் படித்துவிட்டு பிபிஎன்னில் லிஸ்ப் என்ற நிரல் மொழியில் அதேபோல ஒன்றைத் தானாக எழுதினார். அர்பாநெட்டில் பரவியது அதுதான். அதனால் எலைசா லிஸ்ப்பில் எழுதப்பட்டது என்று பல காலம் எல்லோரும் நம்பினார்கள். வைசன்பாம் எழுதியது வேறு மொழியில், அவரே உருவாக்கிய ஸ்லிப் என்ற கருவித் தொகுப்பை வைத்து.

இரண்டாவது கதவு பெரியது. ஜெஃப் ஷ்ரேகர் பேசிக் என்ற நிரல் மொழியில் 1973-இல் எழுதிய எலைசா, 1977-இல் 'கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்' இதழில் அச்சானது. அதே ஆண்டில்தான் ஆப்பிள் 2, கொமடோர் பெட், டிஆர்எஸ்-80 என்ற வீட்டுக் கணினிகள் மூன்றும் கடைக்கு வந்தன. இதழை மடியில் வைத்துக்கொண்டு வரிவரியாகத் தட்டி, ஒரு காற்புள்ளி தப்பினால் தேடித் திருத்தி, வீட்டில் ஓடவிட்டார்கள். அப்போது வீட்டுக் கணினியை வாங்கிய எத்தனையோ பேருக்குச் செயற்கை நுண்ணறிவு அறிமுகமானது இந்த வழியில்தான். துறையின் வரலாறு எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு பத்திகூட ஒதுக்குவதில்லை.

மார்க் வி. ஷேனி என்பவர் யார்?

அப்படி ஒருவர் கிடையாது. 1984-இல் யூஸ்நெட் என்ற பழைய கணினி விவாத வலையில், கல்யாணமாகாதவர்கள் பேசிக்கொள்ளும் பகுதியில் அந்தப் பெயரில் விநோதமான பதிவுகள் வந்தன. இலக்கணம் பாதி சரியாக இருக்கும், அர்த்தம் மட்டும் கைக்கு அகப்படாது. படித்தவர்களில் சிலர் கோபப்பட்டார்கள், சிலர் அக்கறையாகப் பதில் எழுதினார்கள். பின்னால் இருந்தது பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ராப் பைக், புரூஸ் எல்லிஸ், டான் மிட்செல் ஆகியோரின் குறும்பு. பெயரே 'மார்க்கோவ் செயின்' என்பதை நீட்டிச் சொன்னதுதான்.

மார்க்கோவ் ரஷ்யக் கணித மேதை. புஷ்கினின் ஒரு கவிதைக் கதையிலிருந்து 20,000 எழுத்துகளை எண்ணி, ஒரு எழுத்துக்குப் பின் உயிர் வருமா, மெய் வருமா என்று 1913-இல் கணக்குப் போட்டவர். ஷேனி அதையே சொற்களுக்குச் செய்தது. மற்றவர்களின் பதிவுகளைப் படித்து, எந்த இரண்டு சொற்களுக்குப் பிறகு எந்தச் சொல் வருகிறது என்று பட்டியல் போட்டு, அதிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்துக் கோத்தது.

சாட்ஜிபிடி போன்ற இன்றைய மொழி மாதிரிகளுக்கு எலைசா தாத்தா என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அது சரியில்லை. எலைசாவில் ஒவ்வொரு விதியும் கையால் எழுதியது. நிறைய எழுத்தைப் படித்து அடுத்த சொல்லை ஊகிப்பது ஷேனியின் வழி. அது இரண்டு சொல் பின்னால் பார்த்தது. இன்றைய மாதிரிகள் பல ஆயிரம் சொற்கள் பின்னால் பார்க்கின்றன, பார்க்கும் முறையும் வேறு. இருந்தாலும் உறவு ஷேனியோடுதான்.

திட்டியே ஒருவரை ஏமாற்றிய புரோகிராம் உண்டாமே?

டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர் மார்க் ஹம்ஃப்ரிஸ் எழுதியது. பல்கலைக்கழகங்களை இணைத்த பிட்நெட் என்ற வலையில், அவர் இல்லாத நேரத்தில் வரும் செய்திகளுக்குப் பதில் சொல்ல ஒரு எலைசாவை வைத்திருந்தார். அதில் மரியாதைக்குப் பதில் வசவு. 1989 மே மாதம் அமெரிக்காவின் அயோவாவிலிருந்து யாரோ ஒருவர் வந்து மாட்டினார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் சண்டை நடந்தது. புரோகிராம் அவருடைய அந்தரங்க வாழ்க்கை வரை கேட்டது, அவரும் ரோஷத்தில் பதில் சொன்னார். எதிரில் இருப்பது மெஷின் என்று கடைசிவரை அவருக்குப் பட்டதாகத் தெரியவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: எலைசாவோடு உட்காருகிறவருக்கு அது புரோகிராம் என்று தெரியும். இவருக்குத் தெரியாது. அதோடு, திட்டுகிறவனிடம் முந்தைய வாக்கியத்தோடு தொடர்பு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. சண்டை போடும்போது நாமும் அப்படித்தான் பேசுகிறோம்.

ஜூலியா?

பலர் சேர்ந்து எழுத்து மூலமாகவே விளையாடும் டைனிமட் என்ற உலகம் 1989-இல் வந்தது. அதில் மைக்கேல் மால்டின் உலவவிட்ட புரோகிராம் ஜூலியா. வழி கேட்டால் சொல்லும், யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஞாபகம் வைத்திருக்கும், சீண்டினால் பதிலடி கொடுக்கும். பெண் என்று நம்பி ஒருவர் பல நாட்கள் வழிந்த கதையும் பதிவாகியிருக்கிறது. இப்படிப் பேசும் புரோகிராம்களுக்கு 'சாட்டர்பாட்' என்ற பெயரை உருவாக்கியவர் மால்டின். லைகோஸ் தேடுபொறியைத் தொடங்கியவரும் அவரே.

லோப்னர் பரிசைப் பற்றி ஏன் அவ்வளவு சண்டை?

கதை 1950-இல் ஆலன் டூரிங் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. எழுத்தில் உரையாடி, எதிரில் இருப்பது மனிதரா மெஷினா என்று கண்டுபிடிக்கச் சொல்லும் சோதனை. ஐந்து நிமிடம் கேள்வி கேட்ட பிறகு சரியாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 70 சதவீதத்துக்கு மேல் போகாத நிலை ஐம்பது ஆண்டுகளில் வரும் என்று அவர் எதிர்பார்த்தார்.

இதை நிஜப் போட்டியாக நடத்தப் பணம் கொடுத்தவர் ஹியூ லோப்னர். விளக்கு எரியும் பிளாஸ்டிக் நடன மேடைகளை விற்ற வியாபாரி. பெரிய பரிசு 1,00,000 டாலரும் தங்கப் பதக்கமும். ஒலிம்பிக் பதக்கம் வெள்ளியில் முலாம் பூசியது, என்னுடையது முழுத் தங்கம் என்று பெருமை வேறு. முதல் போட்டி 1991-இல் பாஸ்டன் கணினி அருங்காட்சியகத்தில் நடந்தது. அந்த ஆண்டுக்கான சிறிய பரிசை ஜோசப் வெய்ன்ட்ராப் வென்றார். அவருடைய புரோகிராம் சம்பந்தா சம்பந்தமில்லாமல் நையாண்டி பேசும். போட்டியில் அவர் எடுத்துக்கொண்ட தலைப்பே 'வேடிக்கைப் பேச்சு' என்பதால் உளறினாலும் பொருந்திவிட்டது. அதே போட்டியில் ஷேக்ஸ்பியரைப் பற்றிப் பேசிய நிஜமான பெண் ஒருவரை, 'இவ்வளவு விவரம் மனிதருக்குத் தெரியாது' என்று நடுவர்கள் சிலர் மெஷின் ஆக்கிவிட்டார்கள்!

பேராசிரியர்கள் கொதித்தார்கள். ஹார்வர்டின் ஸ்டூவர்ட் ஷீபர், இது துறையை முன்னேற்றாது, ஏமாற்று வித்தையைத்தான் வளர்க்கும் என்று விரிவாக எழுதினார். எம்ஐடியின் மார்வின் மின்ஸ்கி 1995-இல் யூஸ்நெட்டில் ஒரு படி மேலே போய், இந்தப் பரிசை நிறுத்த வைப்பவருக்குத் தன் கையிலிருந்து 100 டாலர் தருவதாக அறிவித்தார். லோப்னர் சளைக்கவில்லை. விதிப்படி யாராவது பெரிய பரிசை வென்றால் போட்டி நின்றுவிடும். அப்படி நிறுத்துபவருக்கு மின்ஸ்கி 100 டாலர் தர வேண்டும். ஆக மின்ஸ்கியும் பரிசின் புரவலர்களில் ஒருவர் என்று அறிவித்துவிட்டார்.

பரிசு ஆராய்ச்சிக்கு உதவவில்லை என்பதில் மின்ஸ்கி பக்கம்தான் நியாயம். ஆனால் பல்கலைக்கழக முகவரி இல்லாதவர்கள் தங்கள் புரோகிராமைப் பத்துப் பேர் முன்னால் வைக்க அன்று இருந்த மேடை அது. எதிர்த்தவர்கள் யாரும் வேறு மேடை போட்டுக் கொடுக்கவில்லை. பெரிய பரிசை ஒருவரும் வாங்காமலே 2019-க்குப் பிறகு போட்டி நின்றுபோனது. லோப்னர் 2016-இலேயே காலமாகிவிட்டார்.

ஆலிஸ் என்ன புதிதாகச் செய்தது?

முறை பழையதுதான், அளவு பெரியது. ஆலிஸ் என்ற இந்தப் பேசும் புரோகிராமை ரிச்சர்ட் வாலஸ் 1995-இல் தொடங்கினார். மக்கள் தட்டும் வாக்கியங்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருப்பதைக் கவனித்து, பதில் இல்லாமல் ஆலிஸ் திணறிய இடங்களைப் பதிவிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிச் சேர்த்துக்கொண்டே போனார். விதிகளை எழுத ஏஐஎம்எல் என்ற எளிய குறிமொழியையும் தந்து எல்லோருக்கும் திறந்துவிட்டதால் தொண்டர்கள் சேர்ந்தார்கள். லோப்னர் போட்டியில் 2000, 2001, 2004 ஆண்டுகளில் ஆலிஸ்தான் முதலிடம்.

தமிழில் ஒரு எலைசா எழுதலாமா?

தாராளமாக. ஆனால் நான்-நீ மாற்றினால் போதும் என்று உட்காராதீர்கள். 'எனக்குக் கோபம் வருகிறது' என்பது சுலபம். 'எனக்கு' என்பதை 'உங்களுக்கு' ஆக்கினால் வினைச்சொல் அப்படியே நிற்கும். 'நான் பயப்படுகிறேன்' என்றால் வினையின் விகுதியும் மாற வேண்டும். 'என்னைத்தான்', 'என்கிட்ட' என்று ஒட்டிக்கொண்டு வருவதையும் பிரிக்க வேண்டும். நம் ஆட்கள் பாதி நேரம் 'தூக்கமே வரல' என்று ஆளையே சொல்லாமல் விட்டுவிடுவார்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லின் விகுதியிலிருந்து வேலையைத் தொடங்குவது நல்லது. மருத்துவர் 'நீங்கள்' என்றுதான் பேச வேண்டும் என்பதால் அந்தப் பக்கம் குழப்பமில்லை.

பழைய எலைசாவை இப்போது ஓட்டிப் பார்க்க முடியுமா?

முடியும். ஈமேக்ஸ் எடிட்டர் இருந்தால் மெட்டா-எக்ஸ் (ஆல்ட் விசையோடு எக்ஸ்) அழுத்தி, டாக்டர் என்பதை ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு எலைசா வந்துவிடும். அது பிற்கால நகல். அசல் நிரல் தொலைந்துவிட்டது என்றே பல காலம் எண்ணியிருந்தார்கள். 2021-இல் எம்ஐடி ஆவணக் காப்பகத்தில் வைசன்பாமின் பெட்டிகளில் அச்சுத் தாளாக அது கிடைத்தது. தேடிப் போனவர்களில் ஒருவர் பேசிக் எலைசாவை எழுதிய அதே ஜெஃப் ஷ்ரேகர். தாளிலிருந்து தட்டியெடுத்து, விட்டுப்போன பகுதிகளை நிரப்பி, ஐபிஎம் 7094-ஐ மென்பொருளாகவே போலச் செய்து, 2024 டிசம்பரில் ஓடவும் வைத்துவிட்டார்கள். நிரலைப் பொதுவில் வைத்திருப்பதால், லினக்ஸ் கணினியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் உங்கள் வீட்டிலும் ஓடும்.